மாமனார் பாட்டக்காரர் ஆன கதை

இந்தப் பயணத்தில் நான் கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்கவில்லை. மூன்று கடலும் சேரும் இடத்தில் கால் நனைக்கவில்லை. பாசி மாலை, சங்கு, கலர் மண் எதுவும் வாங்கவில்லை. சிங்கப்பூர் திரும்பியதும் அலுவலகத்தில் எல்லாரும் இவற்றைத்தான் கேட்டார்கள். மாமனார் வீட்டுப் பலாமரத்தின் படத்தைக் காட்டி ஒப்பேற்றினேன். நான் போனது வேறு வேலையாக.

என் கணவர் செல்வினின் அப்பாவும் அம்மாவும் கீரிப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு மலைச்சரிவில் தனியாக இருந்தார்கள். மாமா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சில வாரங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் மாமி வீட்டின் பின்புறம் வழுக்கி விழுந்துவிட்டார். மாமாவால் அவரைத் தூக்க முடியவில்லை. கையில் போன் இருந்தது. பக்கத்து வீடு கூப்பிட்டால் கேட்கிற தூரம். மாமா யாரையும் கூப்பிடவில்லை. ஒரு கம்பளியைக் கொண்டுவந்து மாமிக்குப் போர்த்திவிட்டு, தானும் ஈர மண்ணில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். விடியும் நேரத்தில் ரப்பர் பால் வெட்ட வந்த தாசன்தான் இருவரையும் கண்டார்.

இடுப்பு எலும்பில் விரிசல், ஆபரேஷன் வேண்டாம், ஓய்வு போதும் என்று டாக்டர் சொன்னார். ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்று செல்வின் போனில் கத்தினார். "அந்நேரம் ஆளுகளைத் தொந்தரவு செய்யப்பிடாதுல்லா?" என்றார் மாமா. அவ்வளவுதான் விளக்கம்.

இந்தப் பக்கத்தில் குடும்ப வீடு கடைசி மகனுக்கு. வீடு யாருக்கோ, பெற்றவர்களும் அவனுக்கே. செல்வின்தான் கடைசி. அவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடுவது என்று ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல் நடந்துகொண்டிருந்தார். மழைக்காலம் தொடங்குவதற்குள் ஏதாவது ஏற்பாடு செய்தாக வேண்டும். அப்பாவும் மகனும் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை. "நான் போய் முடிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள் நான். பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுவது என் வேலை. எதையும் கட்டம் போட்டு அடைத்துவிடலாம் என்ற தலைக்கனம் எனக்கு உண்டு. அந்தத் தலைக்கனத்தோடுதான் திருவனந்தபுரத்தில் இறங்கினேன்.

முதல் நாளே கார் ஓட்டுநர் என்னைப் படித்துவிட்டார். வழியில் ஒரு கடையில் நிறுத்தி, சாயாவும் ஏத்தம்பழ, அதாவது நேந்திரம்பழ, பஜ்ஜியும் வாங்கித் தந்து, யாரிடமோ போனில் மலையாளத்தில் பேசினார். எனக்கு விளங்கிய அளவில் அதன் பொருள்: "ஒரு அம்மா வந்திருக்கிறார், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்க்கிறார், பாவம், முதல் தடவை போலிருக்கிறது." முதல் தடவை இல்லை. ஆனால் செல்வின் இல்லாமல் வருவது முதல் தடவை. பஜ்ஜி நன்றாக இருந்ததால் கோபிக்கவில்லை.

மலையடிவாரத்தில் கார் நின்றது. அதற்குமேல் நடைதான். எண்பதைத் தாண்டிய மாமா கீழே வந்து காத்திருந்தார். என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, நான் தடுக்கத் தடுக்க, முன்னால் ஏறிப் போய்விட்டார். கல்லும் வேரும் பாசியுமாக இருந்த அந்தச் சரிவில் நான் இரண்டு முறை கையூன்றினேன். எங்கள் ஊரில் முதியோர் இருக்கும் புளோக்குகளில் ஒரு படிகூட இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இங்கே வீட்டுக்குப் போவதே மலையேற்றம்.

மேலே மாமி ஒரு நாற்காலியில், முன்னால் நடைச்சட்டத்தை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வந்தியா மக்ளே? பிளேனுல தின்ன வல்லதும் தந்தானா? இரி, மரச்சீனி வெந்திருக்கு" என்றார். வெந்த மரவள்ளிக் கிழங்கும் சாளை மீன் கறியும். மாமி உட்கார்ந்த இடத்திலிருந்து உத்தரவு போட, மாமா சமைத்தது. நன்றாகச் சாப்பிட்டேன். பாத்திரம் கழுவப் போனபோது கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே ஒன்றும் இல்லை. மாமாவுக்கு அது நினைவே இல்லை. "ஓர்மை கொஞ்சம் மட்டு" என்று மாமி எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

மறுநாள் என் திட்டத்தின் முதல் கட்டம் வந்து சேர்ந்தது. ஹோம் நர்ஸ் பிரேமா. சிங்கப்பூரிலிருந்தே போனில் பேசி வைத்திருந்தேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பணிப்பெண் உண்டு, வயதானவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு காப்பிக் கடைக்குப் போவார்கள். இங்கேயும் அப்படி அமைந்துவிடும் என்று நம்பினேன்.

பிரேமா மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள். மாமா எழுந்து தன் நாற்காலியை அவளுக்குப் போட்டார். "இரி பிள்ளே. மல கேறி வந்திருக்கு, சாயா குடி" என்றார். சாயாவோடு முறுக்கு வந்தது. முறுக்கு முடிந்ததும் அவளுக்கு எந்த ஊர், எந்தச் சபை, அப்பா என்ன செய்கிறார் என்று விசாரணை. மதியம் ஆனதும் மாமி நாற்காலியிலேயே அரிவாமணையைப் பிடிக்க முடியுமா என்று முயன்றுகொண்டிருந்தார், விருந்தாளிக்கு வெறும் புளிக்கறியோடு சோறு போட முடியாதாம். பிரேமா பாத்திரம் கழுவ எழுந்தபோது மாமா பறித்துக்கொண்டார். சாயங்காலம் அவள் கிளம்பும்போது ஒரு பலாச்சுளைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, பஸ் வரும்வரை கூடவே நின்று ஏற்றிவிட்டு வந்தார்.

"நல்ல பிள்ளை" என்றார் மாமா. "ஆனா தெனமும் வந்தா நம்மளால ஆகாது மக்ளே. உனக்க மாமிக்கு உடம்பு சரியில்லைல்லா?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்கலாம் என்ற இரண்டாவது கட்டமும் அன்று மாலையே சரிந்தது. "எனக்க வீட்டுல நான் கம்பியைப் பிடிச்சிட்டு நடக்கணுமா? நான் என்ன ஜெயிலுலயா கெடக்கேன்?" என்று கேட்டுவிட்டு மாமா வெற்றிலை போடப் போய்விட்டார்.

அடுத்து, நாகர்கோவில் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமான தரை, அகலமான கதவுகள், டாக்டர் வாரந்தோறும் வருகிறார். சென்னையில் ஆசிரியையாக இருந்த ஒரு அம்மா எனக்கு இடத்தைச் சுற்றிக் காட்டினார். "எல்லாம் இருக்கும்மா. ஒண்ணுதான். உங்களுக்கு ஒரு காபி போட்டுத் தரணும்னு தோணுது, சமையல்கட்டுக்குள்ள எங்களை விட மாட்டாங்க" என்றார். திரும்பும் வழியெல்லாம் அந்தக் காபி என்னைக் குடைந்தது. என் மாமனாரையும் மாமியாரையும் அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு மாதம் தாங்க மாட்டார்கள். எதையும் கொடுக்கத் தெரிந்தவர்கள், வாங்கத் தெரியாதவர்கள். என்னிடம் இருந்த திட்டமெல்லாம் அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டிய திட்டங்கள்.

அன்று மாலை செல்வினின் அக்காள் ஜெசிந்தா காரோடு வந்தார். கணவரின் அக்காளை இங்கே மைனி என்பார்கள். மைனியின் வீடு தேங்காய்ப்பட்டணத்துக்குச் சற்று உள்ளே, ஆறு கடலில் சேரும் பக்கம். அவர் கணவர் ஓமானில். மகள் பெங்களூரில். பெரிய மாடி வீட்டில் மைனி மட்டும். கீழ்த்தளம் தனி வாசலோடு வாடகைக்கென்று கட்டியது, குடியிருந்த வாத்தியார் மாற்றலாகிப் போனதிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. படி கிடையாது, டாக்டர் பக்கம், கடை பக்கம். இதைவிட நல்ல இடம் வேறு எது? ஆனால் மைனி பல தடவை கூப்பிட்டும் இருவரும் அசையவில்லை. மகளைக் கட்டிக் கொடுத்து, நகையும் சீரும் செய்து அனுப்பிய பிறகு, மகள் வீட்டில் போய்க் குந்தியிருப்பதா? "மருமவன் சம்பாத்தியத்துல சோறு தின்ன எனக்கு விதி இல்லை" என்பது மாமாவின் கடைசி வார்த்தை. அதற்குமேல் பேச்சு கிடையாது.

சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லித்தான் மறுநாள் கிளப்பினோம். தாசனும் இன்னும் இருவரும் மாமியை நாற்காலியோடு அடிவாரம்வரை தூக்கிக்கொண்டு வர, அவர் மைனியின் காரில் போனார். மாமாவுக்குக் காரில் ஏறினால் தலை சுற்றுமாம். அதனால் நானும் அவரும் பஸ்ஸில்.

தோட்டத்து பஸ் அரை மணி தாமதமாக வந்தது. அதைப் பற்றி நான் ஒரு கட்டுரையே எழுதலாம், பேருந்து அட்டவணைக்காரியின் வயிற்றெரிச்சல் யாருக்கு வேண்டும்? வழியில் ஒரு மரக்கிளை ரோட்டில் விழுந்து கிடந்தது. நடத்துநர் சீட்டுக்கடியிலிருந்து வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு இறங்க, நாலைந்து பேர் கூடவே இறங்கி வெட்டித் தள்ளிவிட்டு வந்தார்கள். யாரும் மணி பார்க்கவில்லை. எங்கள் ஊரில் இதற்கு மூன்று இலாகாக்களுக்குத் தகவல் போயிருக்கும்.

நாகர்கோவிலில் வண்டி மாற வேண்டும். வெற்றிலை வாங்கிவிட்டு வருகிறேன் என்று போன மாமாவைக் காணவில்லை. பஸ் நிலையம் முழுக்கத் தேடினேன். பெற்றவரைத் தொலைத்துவிட்டேன் என்று செல்வினுக்கு எப்படிச் சொல்வது? கடைசியில் பார்த்தால், நாங்கள் வந்த அதே கீரிப்பாறை வண்டியில், ஜன்னலோரத்தில், கைக்குட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கனகம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். வண்டி நகர ஆரம்பித்திருந்தது. நான் ஓடிப்போய் முன்னால் கையை விரித்து நின்றுவிட்டேன்.

"யக்கா, சாவதுக்கு வேற வண்டி கெடைக்கல்லியா?" என்றார் ஓட்டுநர்.

"இது நம்ம வண்டியில்லியா மக்ளே?" என்று கேட்டுக்கொண்டே மாமா இறங்கினார். மறதியா, தந்திரமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜன்னலோரத்தில் இருந்த ஒரு பெண் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் விளக்கம் சொல்வது கேட்டது. அதன் சாரம், கிழவர் மருமகளோடு கோபித்துக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறார், மருமகளைப் பார்த்தாலே தெரிகிறது, என்பது. அதன்பிறகு தேங்காய்ப்பட்டணம் வரை மாமாவின் சட்டை நுனியை நான் விடவில்லை.

மைனி வீட்டில் முதல் இரண்டு நாட்கள் தேன். மாமி கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலைமேல் அவருக்குப் பார்க்க ரப்பர் மரம்தான் இருந்தது. இங்கே மீன்காரர்கள் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள், எதிர்வீட்டுப் பெண் மாமியிடம் கறிவேப்பிலை கேட்டுப் பழகிவிட்டாள். மாமாவை நான் துறைமுகத்துக்கு அழைத்துப் போனேன். மீன் ஏலம் போடுவதை வாய் பார்த்துக்கொண்டு நின்றார். மலையிலேயே வாழ்ந்த மனிதர். "கொள்ளாம். ஆனா கடல் காத்து இரும்பையே தின்னுது, மனுசனை விடுமா?" என்றார். வீடு திரும்பியதும் நெத்திலி வறுவலைப் பார்த்துக் கடல்மேல் இருந்த மனத்தாங்கலை மறந்தார்.

சரி, மெல்ல மெல்லப் படிந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். செல்வினிடமும் அப்படியே சொன்னேன். மூன்றாம் நாள் காலை கஞ்சி குடித்து முடித்ததும் மாமா உள்ளே போய்ப் பையோடு வெளியே வந்தார். வேட்டி, சட்டை, பைபிள், மாமியின் மாத்திரைகள் எல்லாம் கட்டியாகிவிட்டது.

"எங்க கெளம்பியாச்சு அப்பா?" என்றார் மைனி.

"விருந்தும் மருந்தும் மூணு நாளு. நாங்க போறோம் மக்ளே."

"அம்மைக்கு நடக்க முடியாது. மழை வரப்போகுது. இன்னொருக்க விழுந்தா?"

"விழுந்தா விழட்டு. அது எங்க வீட்டுல விழட்டு."

மாமி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சேலை நுனியால் கண்ணைத் துடைத்தார். அவருக்குப் போக மனமில்லை என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் மாமாவை விட்டுவிட்டு அவர் எங்கேயும் இருக்க மாட்டார். மைனி கெஞ்சினார். ஓமானிலிருந்து அண்ணன், மைனியின் கணவர், வீடியோவில் வந்து கெஞ்சினார். மாமா அவரிடம் மிக மரியாதையாக, "உங்க நல்ல மனசு போதும் மக்கா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. மலையேறி, இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் பாய்ந்து, இதற்காகவா? ஈர மண்ணில் மாமி கிடந்த காட்சியை நான் நேரில் பார்க்கவில்லை, ஆனாலும் அது என் கண்ணை விட்டுப் போகவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"சும்மா இருக்கக் கூச்சமா இருந்தா வாடகை குடுத்துட்டு இருங்க மாமா. கீழ்வீடு பூட்டித்தானே கிடக்குது? மகளுக்கு மாசா மாசம் வாடகையைக் குடுங்க, தலை நிமிந்து இருங்க. எங்க ஊர்ல யாரும் இதைத் தப்பா நினைக்க மாட்டாங்க."

நான் எதையோ உடைத்துவிட்டேன் என்று புரிந்தது.

"நீ என்ன பேச்சு பேசுக மாலதி?" மைனிக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்பாக்க கையில நான் வாடகை வாங்கினேண்ணா, சபையில ஒருத்தி எனக்க மொகத்துல முழிப்பாளா? பெத்தவங்கிட்ட வாடகை பிரிச்சவண்ணு சாவுற வரைக்கும் சொல்லுவாளுவ."

"நீ சும்ம கெட ஏட்டி" என்றார் மாமா. பையை இறக்கிக் கீழே வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். "அவ சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு."

மாமா வெற்றிலைப் பையை எடுத்தார். நிதானமாகக் காம்பு கிள்ளினார். சுண்ணாம்பு தடவினார்.

"ரூவா குடுத்தா அது குடித்தனம். எனக்கு ஒக்காது. நான் பாட்டத்துக்கு எடுக்கேன்."

பாட்டம் என்பது நிலத்துக்கு உள்ள வழக்கம். இன்னொருவர் நிலத்தைப் பயிர் செய்ய எடுப்பவர், ஆண்டுக்கு இவ்வளவு விளைச்சல் தருகிறேன் என்று பேசி, அதைக் கொடுத்துவிட்டு மரியாதையாக இருப்பார். பாட்டக்காரர் யாருக்கும் கடமைப்பட்டவர் இல்லை. பேசினதைக் கொடுக்கும்வரை எழுந்து போ என்று அவரைச் சொல்ல முடியாது. வீட்டை யாரும் பாட்டத்துக்கு எடுத்ததாக அந்த ஊரில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. மைனி என்னைப் பார்த்தார், நான் மைனியைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த மாமி முழுசாக இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

"வருசத்துக்கு ஏத்தங்குலை நாலு" என்று ஆரம்பித்தார் மாமா. "சக்க விளையும்போ ரெண்டு. தேங்காய் உனக்கு அரைக்கதுக்கு உள்ளது."

"ஏத்தங்குலை நாலு கூடுதலு" என்றார் மாமி. "இவ மாடியில ஒத்தைக்கு இருக்கா. தின்ன ஆளு யாரு? ரெண்டு போதும்."

மைனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருவரையும் பார்த்தார். பிறகு கன்னத்தைத் துடைத்தார். "அப்ப நல்லமிளகு வேணும்" என்றார்.

"வீட்டுக்காரிக்க நாக்கைப் பாரு" என்றார் மாமி.

"காய்ஞ்ச மிளகு. பச்சை வேண்டாம்."

"ஒரு பக்கா தருவேன். அதுக்கு மேல கேட்டா வேற வீடு பாப்பேன்" என்றார் மாமா. பக்கா என்பது அங்கே படி போல ஓர் அளவு.

ஓமான் அண்ணன் போனுக்குள் இருந்து சிரிப்பது கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். இந்த வாழைக்குலையும் பலாவும் மிளகும் ஆண்டுதோறும் மாமா மகளுக்கு அனுப்புகிறவைதான். நேற்றுவரை அது சீர். இன்று முதல் பாட்டம். குலை அதே குலை, அதை இறக்கி வைக்கும் மனிதருடைய முதுகெலும்புதான் வேறாகிவிட்டது.

அதோடு விடவில்லை. பாட்டக்காரருக்கு உரிமைகள் உண்டல்லவா? மாமா விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார். குளியலறைத் தரை வழுவழுவென்று இருக்கிறது, சொரசொரப்பான கல் பதித்துத் தர வேண்டும். "செவருல பிடிக்கதுக்குக் கம்பியும் வச்சுத் தரணும். அது வீட்டுக்காரிக்க பொறுப்பு" என்றார். கம்பி. நான் எத்தனை கெஞ்சியும் ஜெயில் என்று சொல்லப்பட்ட அதே கம்பி. மைனி கேஸ் வேண்டாம், தானாக அணையும் கரண்டு அடுப்புதான் தருவேன் என்றார். மாமி தனக்குத் தனி அடுக்களை வேண்டும், மாடியிலிருந்து குழம்பு இறங்கி வரக்கூடாது என்றார். வீட்டைப் பெருக்கித் துடைக்கவும் மாமியைக் குளிக்க வைக்கவும் ஆள் வைப்பது யார்? அதுவும் வீட்டுக்காரி. "அப்ப அவளுக்குச் சாயா போடுகது யாரு?" என்று மைனி மடக்கினார். "நீ வைக்க ஆளு, நீதான் சாயா போடணும்" என்றார் மாமா. பிரேமா அடுத்த திங்கட்கிழமை வந்தாள். மாடியில் சாயா குடித்துவிட்டுக் கீழே இறங்கி வேலை பார்த்தாள். யாரும் அவளுக்குப் பலாச்சுளை கொடுக்கவில்லை. அவளுக்கும் அதுதான் நிம்மதி என்று முகத்தில் தெரிந்தது.

மலைவீட்டைச் சுற்றி உள்ள விளையை, வாழையும் மிளகும் நிற்கும் அந்தத் தோட்டத்தை, தாசன் பார்த்துக்கொள்வது என்று பேசினோம். அவரும் பாட்டத்துக்குத்தான். தாசன் மாமாவுக்குக் கொடுப்பார், மாமா அதிலிருந்து மகளுக்குக் கொடுப்பார். சாமான் எடுக்க மலைக்குப் போனபோது தாசன் என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மச்சி அங்க இருப்பாவளா?" என்று கேட்டார். இருப்பார் என்றேன். "மாதாவே" என்று மட்டும் சொல்லி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று விடியலில் அவர்களை ஈர மண்ணில் கண்டவர் அவர்தானே.

செல்வினுக்குப் போன் செய்து முழுக்கதையையும் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு, "எவ்வளவு மிளகு?" என்று கேட்டார். ஒரு பக்கா என்றேன். "அப்பா ஏமாத்திட்டார், அங்க நாலு பக்கா விளையும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. வேலையை விடுவதைப் பற்றி அவர் பேசவில்லை.

புது வீட்டுக்குள் போகும் சடங்கை இங்கே பால் காய்ச்சு என்கிறார்கள். அதுவும் நடந்தது. போதகர் வந்து ஜெபம் செய்தார். "இந்த வீட்டையும் இதில் வாழப்போகிறவர்களையும்" என்று அவர் சொன்னபோது மாமா "ஆமென்" என்பதைச் சற்று உரக்கவே சொன்னார். மாமி நடைச்சட்டத்தைப் பிடித்து நின்று, தன் கையால் பாலை ஊற்றினார். பொங்கி வழிந்தது. கரண்டு அடுப்பு பயந்துபோய்க் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிட்டது. எல்லாரும் திகைத்து நிற்க, மாமி, "பொங்கிச்சா? பொங்கிச்சு. பெறவு என்ன? சாயா போடுங்க" என்றார். அத்தனை பேருக்கும் அந்த அடுக்களையிலிருந்துதான் சாயா போனது. மாடி வீட்டுக்காரிக்கும்.

அன்று மாலை நான் கீழே போய் உட்கார்ந்தேன். மாமா தன் நாற்காலியில், தன் வாசலுக்கு எதிரே, தெருவில் போகிறவர்களை ஒவ்வொருவராக யாரென்று விசாரித்துக்கொண்டிருந்தார். மாமி எனக்கு ஊருக்குக் கொண்டுபோக மீன் ஊறுகாய் கட்டிக்கொண்டிருந்தார். விமானத்தில் விடமாட்டார்கள் என்று சொன்னால் கேட்கிறவர் இல்லை. நான் போட்டுவந்த அட்டவணை பெட்டியில் எங்கேயோ கிடந்தது. அதில் எந்தக் கட்டத்திலும் இது இல்லை.

ஆனாலும் எனக்கு உள்ளூர ஒரு பயம் மிச்சம் இருந்தது. இடம் மாறிவிட்டது சரி. கம்பி வந்துவிட்டது சரி. மனிதர் மாறுவாரா? இன்னொரு நாள் மாமி விழுந்தால், மாடியில் மகள் தூங்குகிறாள், தொந்தரவு செய்யக்கூடாது என்று மறுபடியும் ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால்? இதை மைனியிடம் கேட்டேன். அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாராம்.

கிளம்பும் நாள் காலை. மாடியில் பெட்டியை மூட முடியாமல் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். மைனி அடுக்களையில் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். கீழே வெளிப்படிக்கட்டின் அடியிலிருந்து மாமாவின் குரல் வந்தது. தயக்கம் எதுவும் இல்லை. வீட்டுக்காரியைக் கூப்பிடும் பாட்டக்காரரின் குரல்.

"ஜெசிந்தா. ஏட்டி ஜெசிந்தா. எறங்கி வா. அம்மைக்குக் கட்டில்ல இருந்து எந்திக்க முடியல்ல. எனக்கு ஒத்தைக்குத் தூக்கப் பெலம் இல்லை."

மைனி கரண்டியைப் போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஓடினார். நான் படியின் மேலே நின்று பார்த்தேன். மாமா கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். இருவருமாக உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் மாமியின் சத்தம் கேட்டது, இடுப்பைப் பிடிக்காதே, கையைப் பிடி என்று மகளைத் திட்டிக்கொண்டிருந்தார். எழுந்துவிட்டார் என்று அர்த்தம்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு செல்வினைக் கூப்பிட்டேன். அங்கே அவர் வேலையில் இருந்தார், பின்னால் இரும்பு தட்டும் சத்தம். என்ன, என்ன ஆச்சு என்று பதறினார்.

"ஒண்ணுமில்லை" என்றேன். "அப்பா உதவிக்கு ஆள் கூப்பிட்டார்."

இரும்புச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி, அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.